பொத்து அண்ணியின் வீடியோக்கள்

லேப்டாப் திரையில் வீடியோ மாறுவதைக் காட்டும் பச்சைக் கோடு பாதியில் நின்றுபோனதற்காக அண்ணன் என் காபிக் கோப்பையை எடுத்துச் சுவரில் அடித்தான். கோப்பை காலியாகத்தான் இருந்தது. எறிவதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எறிந்தான். எவ்வளவு கோபத்திலும் அந்த நிதானம் மட்டும் அவனுக்குத் தப்பாது. ஒரு சில்லு என் தோளில் பட்டுத் தெறித்து கீபோர்டின் மேல் விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தேன். கோடு நகரவில்லை.

“ஓசியில எறக்குனா இப்பிடித்தான். உன் மூஞ்சி மாதிரியே தூங்குது” என்றான்.

“கத்துனா சீக்கிரம் ஓடும்னு எவன் சொன்னான் உனக்கு?” என்றேன்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “என்னடா உடைஞ்சுது?”

“கப்பு.”

“யாரும் காலைக் கீழ வைக்காதீங்க. வந்து பெருக்குறேன்.”

எங்கள் வீட்டில் இதற்கு மேல் விசாரணை கிடையாது. டிவி ரிமோட், பிளாஸ்டிக் நாற்காலி, குளியலறைக் கதவின் தாழ்ப்பாள், நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கடிகாரம் என்று எல்லாம் அவன் கையால்தான் போய்ச் சேர்ந்தன. உடைப்பான், கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவான், அப்புறம் அவனே பசை வாங்கி வந்து உட்கார்ந்து ஒட்டுவான். ‘அவன் சாமானைத்தான் உடைப்பான், ஆளைத் தொட மாட்டான்’ என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஏதோ அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ் மாதிரி நாங்களும் அதை நம்பிக்கொண்டிருந்தோம். வெளியில் அவன் தங்கம். வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவன். போகிற வீடுகளில் எல்லாம் ‘கைராசிக்காரர்’ என்றுதான் பேர். திருகாணியைக்கூட நோகாமல் கழற்றுவான் என்று பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணியைக் கூட்டிக்கொண்டு அவளுடைய ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்காகத்தான் இந்த வீடியோ வேலை.

எங்கள் வீட்டு மாடியில் அண்ணனோடு தனியாகக் குடித்தனம் இருந்த அண்ணி, கையில் மாவுக்கட்டோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போனவள், குழந்தையோடு அங்கேயே தங்கிவிட்டாள். முதலில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றாள். அப்புறம் அங்கே போய், இல்லை, அடித்துத்தான் ஒடிந்தது, திரும்பிப் போக மாட்டேன் என்றாள். அவள் அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எதற்கும் ஆதாரம் கேட்கிற மனுஷன். ‘இத்தனை வருஷமா வாயைத் திறக்கலையே, இப்ப என்ன புதுசா?’ என்று அவளையே மடக்கியிருக்கிறார். எங்கள் அம்மா போனைப் போட்டு, ‘உங்க தங்கச்சியைப் பத்தி எனக்குத் தெரியாதா தம்பி? கையில எதுவும் நிக்காது, கால் தரையில நிக்காது. எங்கயாவது விழுந்திருப்பா. இவன் சாமானைத்தான் உடைப்பான்’ என்று சொல்ல, அவரும் இளகிவிட்டார். பேசி முடித்து இங்கேயே விட்டுவிட்டுப் போவது என்று இரண்டு பக்கமும் முடிவாகிவிட்டது. அண்ணியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அண்ணிக்கு எங்கள் வீட்டில் ‘பொத்து’ என்று பேர். எதையும் பொத்தென்று கீழே போடுகிறவள் என்பதால். அவள் எடுத்த வீடியோ எதை வேண்டுமானாலும் பாருங்கள், நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று படம் ஒரு ஆட்டம் ஆடி, மேல்கூரையோ தரையோ தெரியும். போன் கையிலிருந்து போயிருக்கும். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்த இடம் வந்தால் எல்லோரும் ஒரே குரலில் ‘பொத்து!’ என்று கத்துவோம். அண்ணியும் சிரிப்பாள். அத்தனையும் ஊமைப் படங்கள். அண்ணன் அவளுக்கு வாங்கிக் கொடுத்த பழைய போனில் ஸ்பீக்கர் வாங்கும்போதே செத்திருந்தது. காதில் ஒட்டி வைத்துப் பேசலாம், அவ்வளவுதான். பிறகு அந்தப் போனையும் அவன் ஒரு நாள் தரையில் அடித்துச் சுக்கலாக்கினான். மெமரி கார்டு மட்டும் பிழைத்தது. அதைத் தன் புதுப் போனில் போட்டுப் பார்த்தான். அதிலும் படம்தான் ஓடியது, சத்தம் இல்லை. மைக்கும் செத்த போன் என்று தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டான்.

“எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டு. நல்ல பாட்டா ஒண்ணு பின்னாடி போடு. அவங்க கிளம்புறதுக்குள்ள ரெண்டு வீட்டாரும் இருக்குற வாட்ஸ்அப் குரூப்புல போட்டுடு. பயந்து பயந்து வாழ்ந்தாளாம்! பயந்தவ மூஞ்சியா அது? பார்க்கட்டும் எல்லாரும்” என்று மெமரி கார்டை என் மேசையில் வைத்திருந்தான்.

கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று வீட்டில் எனக்கு ஒரு பட்டம். பிரிண்டரில் சிக்கிய தாளை ஒரு தடவை இழுத்து எடுத்ததற்குக் கிடைத்தது. உண்மையில் என் வேலை போனில் பேசுவது. ஓர் ஆஸ்பத்திரிக்கு வருகிற அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்து, எந்த டாக்டர் எப்போது இருப்பார் என்று சொல்ல வேண்டும். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, பேசுகிறவள் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருந்தால் அந்தக் குரலை வைத்தே சொல்லிவிடுவேன். ‘வழுக்கி விழுந்துட்டேங்க’ என்று மெல்லிய குரலில் சொல்கிற பெண்களைத் தினமும் கேட்கிறேன். எலும்பு டாக்டருக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பேன்.

இலவச சாஃப்ட்வேர் ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கே தொட்டாலும் ‘இறக்கிக்கொள்’ என்று பச்சைப் பொத்தான்கள், பாதிக்கு மேல் விளம்பரம். ஒருவழியாகச் சரியானதைப் பிடித்து, கார்டில் இருந்த அத்தனை வீடியோவையும் அள்ளி உள்ளே போட்டேன். அதில் ஒன்று முழுக்க இருட்டு. ‘அது கெட்டுப் போனது, தூக்கிப் போட்டுடு’ என்று அண்ணன் சொல்லியிருந்தான். ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சோம்பல்பட்டு அதையும் சேர்த்தே போட்டேன். ஓட விட்டதும் அது ஒரு கேள்வி கேட்டது. இந்தக் கோப்புகளில் உள்ள ஒலி பழைய வகையைச் சேர்ந்தது, அதையும் மாற்றவா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இல்லாத ஒலியை எங்கே மாற்றப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டே கட்டத்தில் டிக் அடித்தேன். கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்வது என் தொழில் பழக்கம்.

அதன் பிறகுதான் கோடு நின்றதும் கோப்பை உடைந்ததும். அண்ணன் போய் எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தான். யாரோ வீட்டு மெஷினின் சர்க்யூட் போர்டை மடியில் வைத்துக்கொண்டு சூட்டுக்கோலால் பற்றவைக்கத் தொடங்கினான். ஈயப் புகையின் வாடை அறையில் பரவியது. கோடு தானாகவே நகர்ந்து முடிவுக்கு வந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முதல் வீடியோவைத் திறந்தேன். பாட்டுப் போட வேண்டும், அதற்கு ஹெட்போன் வேண்டும், வேறொன்றும் நினைக்கவில்லை.

பாப்பா முதல்முதலாக நடக்கிற வீடியோ. நாங்கள் எத்தனையோ தடவை பார்த்து, எத்தனையோ தடவை ‘பொத்து’ என்று கத்திய வீடியோ. சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஒரு கையை விடுகிறாள்.

“வா வா, அம்மாகிட்ட வா, தங்கம்” என்றாள் அண்ணி என் காதுக்குள்.

நாற்காலியிலேயே தூக்கிவாரிப் போட்டது. புதுப் போனுக்குப் புரியாத பழைய ஒலி மாறி வந்ததில், இத்தனை நாள் ஊமையாக இருந்த படத்துக்குள் மின்விசிறி கடகடத்தது, குழந்தையின் உள்ளங்கால் தரையில் சப் சப் என்று பட்டது. எங்கோ கதவு திறந்தது.

“சட்டை எங்க?” அண்ணனின் குரல். அமைதியான குரல். “தேய்ச்சு வைக்கச் சொன்னேன்ல?”

“இதோ எடுக்குறேன். பாப்பா நடக்குறா பாருங்க, இங்க பாருங்களேன்.”

ஈரத்துணியைக் கல்லில் அடித்தது மாதிரி ஒரு சத்தம். படம் ஆடியது. மேல்கூரை, மின்விசிறி. இன்னொரு சத்தம், அதைவிடக் கனமாக. அண்ணி கத்தவில்லை. வாயிலிருந்து காற்று மட்டும் வெளியே வந்தது. குழந்தையின் சிரிப்பு நின்று, அழுகையாக மாறப் பார்த்தது. உடனே அண்ணி, மூக்கடைத்த குரலில், விளையாட்டுக் காட்டுகிறவள்போல் பேசினாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு. அம்மா போனைப் பொத்துன்னு போட்டுட்டேன். எப்பிடிப் போட்டேன்? பொத்து! பொத்து!”

குழந்தை சிரித்தது.

எனக்குப் பின்னால் அண்ணனும் சிரித்தான். அவனுக்கு வெறும் படம்தான் தெரிந்தது. பற்றவைப்பதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“பாத்தியா, நல்லா எடுத்துட்டிருந்தா. கரெக்டா பாப்பா நடக்குற நேரம் பாத்துப் போட்டுட்டா” என்றான். குரலில் அவ்வளவு பிரியம். மறந்துவிட்டானா, மறந்தவன் மாதிரி இருக்கிறானா, எனக்குத் தெரியவில்லை. அவன் தொட்டு அடித்த அடி அவனுக்கே ஒரு வேடிக்கைப் படமாக மாறியிருந்தது. அந்தச் சூட்டுக்கோலைப் பிடுங்கி அவன் கண்ணில் சொருகினால் என்ன என்று தோன்றியது. இதை நான் சும்மா சொல்லவில்லை. கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததால் போகவில்லை, அவ்வளவுதான்.

அம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். “காலைத் தூக்குடி” என்று மேசைக்கு அடியில் குனிந்து கோப்பைச் சில்லுகளைக் கூட்ட ஆரம்பித்தாள். நான் இரண்டு காலையும் நாற்காலிமேல் வைத்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தேன். திறக்காமல் இருக்க முடியவில்லை.

பாப்பாவின் பிறந்தநாள். சுவரெல்லாம் பலூன், மேசைமேல் கேக். இன்னும் யாரும் வரவில்லை. நான் வேலை முடித்து மாடிக்குப் போகும்போது கேக் வெட்டி முடித்திருந்தார்கள், அது நினைவிருக்கிறது. அண்ணி கேக்கைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். மெழுகுவர்த்தி வாங்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அவன் கேட்டான், அவள் ஏதோ சொன்னாள். அடி விழுந்தது. போன் மேசைமேல் குப்புற விழுந்தது, மேல்கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்புப் பலூன் மட்டும் திரையில் தெரிந்தது. நாற்காலி ஒன்று உருண்டது. அப்புறம் மிக நிதானமாக, பருப்பில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில் ஒரு பெண் பேசினாள்.

“மூஞ்சியில வேண்டாம்டா. ஆளுங்க வர்ற நேரம்.”

எங்கள் அம்மா.

அந்த நிமிஷத்தில் அவளுடைய தலை என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. ஒரு சில்லும் விட்டுப்போகக் கூடாது என்று நாற்காலிக் காலைச் சுற்றித் துடைப்பத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். நிமிர்ந்து திரையில் பலூனைப் பார்த்தாள். “பொத்து! இதையும் போட்டுட்டாளா? கேக்கையாவது முழுசா எடுத்தாளா?” என்று சிரித்தாள். ஹெட்போனுக்கு மேலேயும் உள்ளேயும் ஒரே குரல். அவள் சில்லுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள். இருபது தடவை ‘ஆளைத் தொட மாட்டான்’ என்று சொன்ன வாய் இதையும் சொல்லியிருக்கிறது.

மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிப் பார்த்தேன். கடற்கரை, புதுச் செருப்பு, பாப்பா பொம்மைக்குச் சீப்பு வாருவது. எல்லாவற்றிலும் ஆட்டம் வருகிற இடத்தில் ஒரு அடி இருந்தது. அடி முடிந்ததும் ‘பொத்து’ என்ற விளையாட்டு இருந்தது. நாங்கள் அவளுக்கு வைத்த பேர் என்று நினைத்திருந்தோம். அவளே பிள்ளைக்காகச் சொல்லிக்கொண்டதை எங்கள் காதில் போட்டிருக்கிறது குழந்தை. நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

கடைசியாக இருட்டு வீடியோ. எதையோ தரையில் தேய்த்துத் தள்ளுகிற சத்தத்தோடு தொடங்கியது. அப்புறம் கட்டில் முனகியது. அவன் எதற்காகக் கோபப்பட்டான் என்று கடைசிவரை தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். “கையை எடு. மூஞ்சியில இருந்து கையை எடு” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் எடுக்கவில்லை. “எடுக்க மாட்டே?” என்றான். பிறகு சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணி அலறியதை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன், அதுவும் பாதியில் துணியை வைத்து அடைத்த மாதிரி நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு அவன் சொன்னான், “அடுத்த தடவை கை இல்ல. கழுத்து.”

அதோடு முடியவில்லை. போன் மணி அடித்தது. அவனுடைய போன். எடுத்தான். “ஆமா சார், மெஷின் ரெடி சார். சாயங்காலம் நானே கொண்டு வந்து மாட்டித் தர்றேன். ஐயோ, அதெல்லாம் வேண்டாம் சார், நம்ம வீடு மாதிரி” என்றான். எங்களுக்கெல்லாம் தெரிந்த தங்கமான குரல். அதற்கு அடியில் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு விட்ட மூச்சு தெளிவாகக் கேட்டது.

“ஆச்சா?” என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

“இன்னும் கொஞ்சம்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பக்கத்தில் ஆள் நிற்கும்போது போனில் பேசுகிற பெண்களின் குரல்.

போனை மேசைக்குக் கீழே வைத்து, அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்திருந்த போனுக்கு அண்ணிக்கு எழுதினேன். அவளைக் கேட்காமல் போட எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே எல்லோரும் அவளைக் கேட்காமல்தான் எல்லாம் செய்கிறோம். ‘அண்ணி, பழைய வீடியோவுல சத்தம் வந்திருக்கு.’

உடனே பதில் வந்தது. ‘எதுல?’

‘எல்லாத்துலயும்.’

அவள் எழுதுவதும் நிறுத்துவதுமாகக் கொஞ்ச நேரம் போனது. ‘இருட்டா ஒண்ணு இருக்குமே. அதுலயுமா?’

‘அதுலயும்.’

‘அதை நான்தான் ஆன் பண்ணிக் கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டேன். அந்தப் போன்ல பேசுனா எதிர்ல கேக்குதே, அப்ப இதுலயும் பதியும்னு நினைச்சேன். அப்புறம் போட்டுப் பாத்தா சத்தமே இல்ல. கார்ல வந்துட்டு இருக்கோம். என் துணிப்பெட்டியும் டிக்கியில இருக்கு. அந்த இருட்டு வீடியோவை முதல்ல போடு.’

ஒரு கணம் கழித்து இன்னொன்று வந்தது. ‘போட்டுட்டு நீ அந்த வீட்டுல இருக்காதே. வெளிய போயிடு.’

நாள் முழுக்க மெஷினைப் பிரித்துப் பார்க்கிறவனுக்கு, வாய் செத்தால் காதும் செத்ததாக அர்த்தமில்லை என்று தோன்றவில்லை. தரையில் கிடந்து அடி வாங்கியவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒட்டவும் இல்லை, பாட்டுப் போடவும் இல்லை. குரூப்பில் போகிற அளவுக்கு ஒவ்வொன்றையும் சின்னதாக்கச் சொன்னேன், அதையும் அந்த ஓசி சாஃப்ட்வேர் முனகாமல் செய்தது. கம்ப்யூட்டரிலேயே இரண்டு வீட்டாரும் இருக்கிற அந்தக் குரூப் திறந்திருந்தது. வாத்தியார், அவர் மனைவி, எங்கள் சித்தப்பா, அம்மா, அண்ணன், எல்லோரும் இருக்கிற குரூப். முதலில் இருட்டு. அடுத்தது பிறந்தநாள். அதற்கப்புறம் நடக்கிற வீடியோ. அனுப்பு என்பதைத் தொட்டேன். ஒரு சின்ன வட்டம் சுழல ஆரம்பித்தது. எங்கள் வீட்டு இன்டர்நெட் என்றைக்கும் மாட்டு வண்டிதான், அன்றைக்கு அந்த மாட்டுக்கும் கால் ஒடிந்திருந்தது. எழுந்து போய்விடலாம். ஆனால் நான் நகர்ந்தால் அவன் வந்து உட்கார்ந்து திரையைப் பார்ப்பான். அதனால் நகரவில்லை. இருட்டு போய்ச் சேர்ந்தது. பிறந்தநாளுக்கு வட்டம் சுழன்றது.

“என்ன பாட்டு போட்ட?” என்று அவன் எழுந்து வந்தான்.

“போகட்டும் இரு. அப்புறம் கேளு.”

“ஏன், நான் கேக்கக் கூடாதா? இன்ஜினியரம்மா பெரிய இவ” என்று செல்லமாகச் சொல்லிக்கொண்டே ஹெட்போனை என் தலையிலிருந்து உருவித் தன் தலையில் மாட்டினான். எட்டி மவுஸைத் தட்டினான். இருட்டு வீடியோ ஓடியது.

அவன் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பாட்டுக்காகக் காத்திருக்கிற முகம். அப்புறம் புருவம் நெளிந்தது. தன் குரலை அவன் அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது. அந்த நேரத்தில் அவன் பயந்தான் என்று சத்தியம் செய்வேன். கட்டிலுக்கடியில் பாம்பைப் பார்த்தவன் பயம். அது ஒரு நொடிதான்.

“எங்கடி போட்ட இதை?”

“நீ சொன்ன இடத்துலதான்.”

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. வலி அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது ஆச்சரியம். இத்தனை வயதுக்கு அவன் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவன் கையில் இவ்வளவு பழக்கம் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். எறிகிறவன் கை இல்லை அது, அடித்துப் பழகின கை. லேப்டாப்பை நோக்கித் திரும்பினான். நான் அதன்மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். முடியைப் பிடித்து இழுத்தான். முதுகில் முட்டியால் குத்தினான். வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது, என் மோவாய்க்கு அடியில். அவன் கை என் கன்னத்தைத் தாண்டித் திரைக்குப் போனபோது கடித்தேன். நன்றாக, பல் எலும்பில் படுகிற வரைக்கும் கடித்தேன். அவன் ரத்தமா என் ரத்தமா தெரியவில்லை, வாயெல்லாம் உப்புக் கரித்தது. கைராசிக்காரன் கத்தினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அதற்கப்புறம் முஷ்டி. மூக்கில். நாற்காலியோடு பின்னால் சாய்ந்து தரையில் பொத்தென்று விழுந்தேன். மேலே மேல்கூரை, மின்விசிறி. அண்ணியின் வீடியோவில் இருந்த அதே கோணம். கீழே கிடந்தபடி அதைப் பார்த்தால் எவ்வளவு நிதானமாகச் சுற்றுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் லேப்டாப்பைத் தூக்கி மேசை விளிம்பில் அடித்தான். ஒரு தடவை, மறுபடியும், மறுபடியும். எழுத்துக் கட்டைகள் என் மேலும் தரையிலும் கொட்டின. சூட்டுக்கோல் உருண்டுபோய் எங்கேயோ துணி கருகுகிற வாடை வந்தது. என் கையில் போன் இல்லை. இரண்டாவது வீடியோ போய்ச் சேர்ந்ததா, நடுவழியில் நின்றதா, எனக்குத் தெரிய வழியில்லை. மூச்சு விட்டால் மூக்கில் குமிழி வந்தது.

“அழிச்சுடுன்னு சொல்லு! எல்லாருக்கும் போனைப் போட்டு, அது பொய், எதையோ ஒட்டிட்டேன்னு சொல்லு!” என்று உடைந்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு என் தலைக்கு மேலே நின்றான். அதன் கீல் கூராக வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கழுத்து என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு கையையும் கழுத்தில் வைத்துக்கொண்டேன்.

“சொல்ல மாட்டேன்.”

கையை ஓங்கினான்.

“மூஞ்சியில வேண்டாம்டா. ஆளுங்க வர்ற நேரம்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. குரல் வாசல்பக்கமிருந்து வந்தது. நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. அவள் கையில் அவளுடைய போன். குரூப்பில் கேக் படம் வந்திருப்பதைப் பார்த்து ஆசையாகத் தொட்டிருக்கிறாள். திரையில் சிவப்புப் பலூன் மேல்கூரையில் ஒட்டிக்கொண்டு ஆடியது.

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, கீழே கிடந்த என் மூக்கைப் பார்த்தாள், பார்த்துவிட்டு உடனே போனைப் பார்த்தாள். அம்மாவுக்கு வீடியோவைத் திறக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. எப்போதும் என்னிடம்தான் நீட்டுவாள். இப்போதும் நீட்டினாள்.

“இதை நிறுத்துடி” என்றாள். “எப்பிடி நிறுத்துறது இதை? நிறுத்துடி.”

நான் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

அவளே நிறுத்தப் பார்த்தாள். ஆள்காட்டி விரலால் திரையில் அங்கேயும் இங்கேயும் குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் அது பின்னால் போய் மறுபடியும் ஓடியது. நாற்காலி உருண்டது. ‘மூஞ்சியில வேண்டாம்டா.’ மறுபடியும் குத்தினாள். நாற்காலி உருண்டது. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கதவு திறக்கிற சத்தம் வந்தது, மூடுகிற சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக, திறந்த கார்க் கதவு வழியாக, தெருவிலிருந்து, அண்ணனின் தங்கமான குரல் கேட்டது. ‘ஆமா சார், மெஷின் ரெடி சார்.’ வாத்தியாரின் போனாக இருக்க வேண்டும், சத்தத்தை முழுக்க வைத்திருந்தார்.

அழைப்பு மணி அடித்தது. அறையில் மூன்று பேரும் அசையவில்லை. அம்மாவின் விரல் மட்டும் மறுபடியும் திரையைத் தொட்டது.